மாலையில் ஒரு மெக்சிகோக்காரி

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேச வந்தவனுக்கு மாலை போடுவது நம் வழக்கம். போட்ட மாலையை உடனே கழற்றி மேசைமேல் வைத்துவிடுவதும் நம் வழக்கம். இன்றைக்கு நான் இதைக் கழற்றப் போவதில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்த தலைப்பே என் கழுத்தில்தான் தொங்குகிறது.

வெள்ளை வெளேரென்று இருக்கிறதே, இது என்ன பூ? சொல்லுங்கள் பார்க்கலாம். சம்பங்கி. சரி. இது எந்த ஊர்ப் பூ? சத்தியமங்கலம் என்கிறார் ஒருவர். நிலக்கோட்டை என்கிறார் இன்னொருவர். இரண்டும் சரிதான், வந்து இறங்கிய சந்தையைக் கேட்டால். பிறந்த ஊரைக் கேட்டால்? அதற்கு நாம் கப்பல் ஏற வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். செண்பகம் வேறு, சம்பங்கி வேறு. செண்பகம் மரம், மஞ்சளாய்ப் பூக்கும், குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் அதற்கும் இடமுண்டு. கொடிச்சம்பங்கி இன்னொன்று, பந்தலில் படர்வது. இந்த மாலையில் இருப்பது தரையில் கிழங்கிலிருந்து கிளம்புவது, அதனால் நிலச்சம்பங்கி. குறிஞ்சிப்பாட்டைப் பாடிய கபிலர் இதைப் பாடவில்லை. பாடியிருக்கவும் முடியாது. அவர் காலத்தில் இது பசிபிக்குக்கும் அட்லாண்டிக்குக்கும் நடுவில், மெக்சிகோவின் மேட்டு நிலத்தில் இருந்தது.

அங்கே ஆஸ்டெக் மக்கள் இதைத் தோட்டத்தில் வளர்த்தார்கள். அவர்களுடைய நாவாட்டில் மொழியில் இதற்கு ஓமிஷோசித்ல் என்று பெயர். ஓமி என்றால் எலும்பு. ஷோசித்ல் என்றால் பூ. எலும்புப்பூ! கேட்கும்போது கொஞ்சம் திடுக்கென்று இருக்கிறது அல்லவா? ஆனால் இதோ, மாலையிலிருந்து ஒரு பூவை உருவுகிறேன், பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு குழல். நடுவில் லேசாக ஒரு வளைவு. நுனியில் ஆறு மடல். தொட்டால் மெழுகு தடவியது போல வழவழப்பு. மல்லிகையின் வெள்ளை இல்லை இது. பச்சையும் மஞ்சளும் துளித்துளி கலந்த வெள்ளை, நன்றாகத் தேய்த்துக் கழுவிய எலும்பின் வெள்ளை. பெயர் வைத்தவன் பூவைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. காட்டுச் சம்பங்கி என்று ஒன்றை யாரும் காட்ட முடிவதில்லை. உலகத்தில் இன்று இருப்பதெல்லாம் மனிதன் நட்ட சம்பங்கிதான். மெக்சிகோக்காரர்கள் நெடுங்காலம் வளர்த்து வளர்த்து, காட்டிலிருந்த மூதாதை மறைந்து, வீட்டிலிருந்த வாரிசு மட்டும் நின்றுவிட்டது.

ஸ்பானியர்கள் மெக்சிகோவுக்குள் நுழைந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டில் இது ஐரோப்பா போனது. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கு இந்தப் பூமேல் தீராத மோகம். வெர்சாயில் த்ரியானோன் மாளிகையைச் சுற்றி இதையே நட்டு நிரப்பினார். வாசம் தாங்காமல் விருந்துக்கு வந்தவர்கள் தோட்டத்தைவிட்டே எழுந்து போனார்களாம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குப் போலியாந்தஸ் டியூபரோசா என்று பெயர் வைத்தார். டியூபரோசா என்றால் கிழங்குடையது. அந்த லத்தீன் சொல்தான் ஆங்கிலத்தில் டியூப்ரோஸ் ஆனது. ரோஜாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அரை நூற்றாண்டுக்கு முன் கல்லூரியில் நான் தாவரவியல் படித்தபோது லின்னேயஸ் வைத்த பெயரைத்தான் மனப்பாடம் செய்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அதையே கரும்பலகையில் எழுதினேன். ஓய்வுபெற்று உட்கார்ந்த பிறகு, 2017இல் பெயரை மாற்றிவிட்டார்கள். இப்போது இதன் பெயர் அகேவ் அமிகா.

அகேவ்! இந்தச் சொல் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், செடி புதிதில்லை. ரயிலில் போகும்போது தண்டவாளத்தோரம் பார்த்திருப்பீர்களே, ஆனைக்கற்றாழை. நுனியில் ஊசி, ஓரமெல்லாம் முள், தண்ணீரே இல்லாத சரளை மண்ணில் யானை மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதுதான் அகேவ். அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். அந்த முரட்டு ஆனைக்கற்றாழையும் என் கழுத்திலிருக்கும் இந்த மெல்லிய சம்பங்கியும் ஒரே பேரினம், பங்காளிகள்! அமிகா என்றால் லத்தீனில் தோழி. கற்றாழைக் கூட்டத்தில் ஒரு தோழி.

இந்த உறவை ஏன் இவ்வளவு விரிக்கிறேன்? வளர்ப்பு முறை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. மெக்சிகோ மேட்டு நிலத்தில் மழைக்காலம் என்பது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில் வானம் வெளுத்துக் கிடக்கும். அந்த மண்ணில் பிழைக்க ஒரு செடிக்கு என்ன வழி? ஆனைக்கற்றாழை தண்ணீரைத் தடித்த இலையில் சேர்த்து வைத்துக்கொண்டது. சம்பங்கி எல்லாவற்றையும் கிழங்கில் பூட்டிக்கொண்டு மண்ணுக்கடியில் படுத்துக்கொண்டது. மழை வந்தால் எழும்பும், குடிக்கும், பூக்கும். மழை போனால் இலையைக் காயவிட்டுத் தூங்கும். குடிக்கிற காலம் ஒன்று, தூங்குகிற காலம் ஒன்று.

இது தெரியாமல் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற முதல் வருடம். மொட்டைமாடியில் பத்துத் தொட்டி, தொட்டிக்கு இரண்டாக இருபது கிழங்கு. வாத்தியார் தோட்டக்காரர் ஆன உற்சாகம்! காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். முளைக்கவில்லையே என்று மத்தியானமும் கொஞ்சம். மூன்றாம் வாரம் ஒரு தொட்டியைக் கிளறிப் பார்த்தேன். கிழங்கைப் பிடித்தால் விரல் உள்ளே போகிறது. ஊசிப்போன வெங்காயம் எப்படி நாறும்? அப்படி ஒரு நாற்றம். இருபதில் நான்குதான் பிழைத்தன. அந்த நான்கும் எங்கே இருந்தவை தெரியுமா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குடம் எட்டாத மூலையில் இருந்தவை. என் அன்பு எட்டாத இடத்தில் இருந்ததால் பிழைத்தன.

அப்படியானால் சம்பங்கிக்குத் தண்ணீரே வேண்டாமா? அதுவும் தப்பு! வளரும்போது இதற்கு நல்ல தாகம். இலை தழைத்துப் பூத்தண்டு விடும் நேரத்தில் காயப்போட்டால் தண்டு குட்டையாகும், மொட்டு கருகும். குடிப்பதற்குத் தண்ணீர் வேண்டும், நிற்பதற்குத் தண்ணீர் கூடாது. கிழங்கு ஊன்றும்போது ஒரு தரம் நன்றாக நனையுங்கள். பிறகு முளை எட்டிப் பார்க்கும் வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முளைத்த பிறகு மண்ணுக்குள் விரலை இரண்டு கணு வரை விடுங்கள். ஈரம் தட்டினால் திரும்பிப் போய்விடுங்கள். காய்ந்திருந்தால் அடியில் ஒழுகும் வரை ஊற்றுங்கள்.

கிழங்கைப் பார்க்காமல் வளர்ப்பைப் பேசி என்ன பயன்? பையில் கொண்டு வந்திருக்கிறேன். போன வாரம்தான் தோண்டியது. முன்வரிசையிலிருந்து கைமாற்றிக்கொண்டே போங்கள்.

பார்க்கச் சின்ன வெங்காயம் போல இருக்கிறது. மேலே பழுப்புச் சருகு. ஆனால் அடியைப் பாருங்கள். வெங்காயத்துக்கு அடி தட்டையாக இருக்கும். இதற்கு அடியில் கட்டையாக, முண்டாக ஒரு பகுதி இருக்கிறது. கிழங்குடையது என்ற பெயர் வந்தது இதனால்தான். மேலே குமிழ், கீழே கிழங்கு. நம் விவசாயி இரண்டையும் சேர்த்துக் கிழங்கு என்கிறார். நானும் அவர் கட்சிதான்.

சுற்றிலும் பாருங்கள், பட்டாணி அளவில், கோலிக்குண்டு அளவில் குட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் இருப்பது தாய். அது ஒரே ஒரு தரம்தான் பூக்கும், வாழை ஒரே தாரோடு நிற்பது போல. அடுத்த பூ பக்கத்துக் குட்டியிலிருந்து வரும். ஆனைக்கற்றாழைக்கும் அதே கதை. வருடக்கணக்காக முள்ளோடு உட்கார்ந்திருந்து, ஒரு நாள் பனை மாதிரி ஒரு தண்டை வானத்துக்கு அனுப்பி, பூத்து, செத்துப் போகும். குடும்பக் குணம்!

எந்தக் கிழங்கு பூக்கும்? நூற்றுக்கு எழுபது பேர் இங்கேதான் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தேன். அழுகிப்போன வருடத்துக்கு அடுத்த வருடம், ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐம்பது கிழங்கு வாங்கினேன். எல்லாம் சுண்டுவிரல் பருமன். வருடம் முழுக்க இலையாய் விட்டது. கோரைப்புல் வளர்க்கிறீர்களா சார் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். கடைக்காரர் சொன்ன விலை மலிவுதான், ஆனால் ஒரு வருடத்தின் விலையை யார் சொல்வது? 25 முதல் 30 கிராம் எடையுள்ள, கெட்டியான, கூம்பு வடிவக் கிழங்கைப் பொறுக்குங்கள். எடைபோடத் தராசு இல்லையா? நல்ல எலுமிச்சங்காயை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் கொஞ்சம் சிறிதாக. கையில் அழுத்தினால் அமுங்கக் கூடாது. குட்டிகளை எறிந்துவிடாதீர்கள், அவற்றைத் தனித் தொட்டியில் வளர்த்தால் பிறகு பூக்கும்.

நிலத்தில் என்றால் ஜூன், ஜூலையில் நடுகிறார்கள். மெக்சிகோவில் மழை பிடிக்கிற அதே மாதங்கள், கவனித்தீர்களா? வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 45,000 கிழங்கு. தொழு உரம் ஏக்கருக்குப் பத்து டன். பார் அணைத்து, மேட்டில் ஊன்றுவார்கள், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். அங்கேயும் பாருங்கள், கிழங்கு மேட்டில், தண்ணீர் பள்ளத்தில்.

தொட்டியில் என்றால் ஓரடி அகலமுள்ள மண்தொட்டி, அடியில் ஓட்டை அடைபடாமல் இரண்டு ஓட்டுச்சில்லு. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மூன்று கிழங்கு போதும். முனை மேலே பார்க்க, ஓரங்குல மண் மூடினால் போதும். ஆழமாகப் புதைக்காதீர்கள். வெயில் எவ்வளவு? ஆறு மணி நேரமாவது சுளீரென்று அடிக்க வேண்டும். வேப்பமர நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

உரம் மாதம் ஒரு பிடி. யூரியாவை அள்ளிப் போட்டால் இலை வரும், பூ வராது. அதிகம் தின்றால் உழைப்பு குறையும், நமக்குத் தெரியாததா?

எதிரி என்று பார்த்தால் அசுவினி, இலைப்பேன் எல்லாம் உண்டு. ஆனால் பெரிய எதிரி கண்ணுக்குத் தெரியாது. நூற்புழு. மண்ணுக்குள் வேரில் புகுந்து வேரைப் பாசிமணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக்கிவிடும். செடி நோயாளி மாதிரி நிற்கும், காரணம் தெரியாமல் நாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். இதற்கு ஒரு அழகான மருந்து இருக்கிறது. சம்பங்கிக்குப் பக்கத்தில் செண்டுமல்லி நடுங்கள். துலுக்கச்சாமந்தி என்கிறோமே, அதுதான். அதன் வேரில் ஆல்ஃபா டெர்தையெனில் என்று ஒரு பொருள் இருக்கிறது, வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அது நஞ்சு.

செண்டுமல்லி எந்த ஊர் தெரியுமா? அதுவும் மெக்சிகோ! அங்கே செத்தவர்களை நினைத்து வருடம் ஒரு தரம் விழா எடுக்கும்போது கல்லறையெல்லாம் செண்டுமல்லிதான். ஆயுதபூஜைக்கு நம் லாரியின் நெற்றியில் தொங்குவதும் அதுவேதான். இதோ, இந்த மாலையைப் பாருங்கள். முழம் முழமாய்ச் சம்பங்கி வெள்ளை, நடுநடுவே செண்டுமல்லி மஞ்சள். கட்டிக் கொடுத்த பூக்காரம்மா நிறப் பொருத்தம் பார்த்துத்தான் கட்டியிருப்பார். ஊர் விட்டு ஊர் வந்த ஒரே நாட்டுக்காரர்கள் இருவரை ஒரே நாரில் சேர்த்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

இனி வாசத்துக்கு வருவோம். வாசம் இல்லையென்றால் இந்தச் செடியை யார் சீந்தப் போகிறார்கள்?

சம்பங்கியைப் பகலில் முகர்ந்து பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று போகாதீர்கள். விளக்கு வைத்த பிறகு பாருங்கள். இந்திக்காரர்களும் வங்காளிகளும் ரஜனிகந்தா என்கிறார்கள், இரவு மணம். மராட்டியர் நிஷிகந்தா, அதே பொருள். இந்தோனேசியாவில் செடாப் மாலாம், இரவில் இனிப்பது. கன்னடத்தில் சுகந்தராஜா. அவர்கள் மட்டும் நேரம் சொல்லாமல் நேரே பட்டம் கட்டிவிட்டார்கள். ஏன் இரவில் மணக்கிறது? வெள்ளை நிறம், நீண்ட குழல், இருட்டியதும் வாசம். இந்த மூன்றும் சேர்ந்தால் அது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிக்கு அனுப்பிய அழைப்பிதழ். குழலின் அடிவரை நீள்கிற நாக்கு அந்த விருந்தாளிக்குத்தான் உண்டு. மாலையும் மணவறையும் பூவின் கணக்கில் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் உள்ளே ஒரு தைல வாசம் தட்டும். தலைவலிக்குத் தடவுவோமே, அந்த வாடை. பிரமை இல்லை, சம்பங்கி மணத்தில் மெதில் சாலிசிலேட் இருக்கிறது, வலித் தைலத்திலும் அதுதான் இருக்கிறது. அதோடு மல்லிகையில் வரும் சில பொருள்களும் கலந்திருக்கின்றன. இனிப்பும் மருந்தும் லேசான காரமும் சேர்ந்த இந்த வாசத்தைச் சிலர் தலை கிறுகிறுக்கிறது என்பார்கள். பெண்கள் மல்லிகையைச் சூடுவது போல இதைத் தலையில் அவ்வளவாகச் சூடுவதில்லை. பெரும்பாலும் மாலைக்கும் மேடைக்கும்தான். என் மனைவியும் சூடமாட்டார். காரணம் கேட்டால், கனமாக இருக்கிறது என்பார். பூவின் எடையைச் சொல்கிறாரா வாசத்தைச் சொல்கிறாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பறித்த பிறகும் சம்பங்கி மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். செடியிலிருந்து பிரிந்தும் வேலையை நிறுத்தாது. பிரான்ஸில் கிராஸ் என்ற ஊர்க்காரர்கள் இதைக் கண்டுபிடித்து ஒரு தந்திரம் செய்தார்கள். மரச்சட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூவை ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்தார்கள். சூடு கிடையாது, நெருப்பு கிடையாது. பூ தன்பாட்டுக்கு மூச்சு விடும், கொழுப்பு அதைக் குடிக்கும். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைப்பார்கள். கொழுப்பு திகட்டும் வரை இப்படியே. 1948இல் பாரிஸில் ஜெர்மேன் செல்லியே என்ற பெண்மணி சம்பங்கியை நடுவில் வைத்துச் செய்த ஃபிராக்கா என்ற வாசனைத் திரவியம் இன்றும் விற்கிறது. நம் சம்பங்கியிலிருந்தும் மணமெழுகு எடுக்கிறார்கள், இப்போது கரைப்பான் ஊற்றி. ஒரு டன் பூவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். ஒரு கிலோ!

வாசத்துக்காகவும் உதிரிப்பூவுக்காகவும் என்றால் ஒற்றை அடுக்கு ரகம். குவளையில் வைக்கும் தண்டுப்பூவுக்கு இரட்டை அடுக்கு. பெங்களூரு பக்கம் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உண்டாக்கிய ஷ்ருங்காரும் பிரஜ்வலும் ஒற்றை, சுவாசினியும் வைபவும் இரட்டை. வீட்டுக்கு என்னைக் கேட்டால் பிரஜ்வல். மொட்டு நுனியில் இளஞ்சிவப்பு பூசியிருக்கும், அதைப் பார்ப்பதற்காகவே வளர்க்கலாம்.

என் மைத்துனர் ஒரு ஏக்கர் போட்டிருக்கிறார். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வீட்டோடு இறங்கிவிடுவார்கள். எட்டு மணிக்குள் பறித்தாக வேண்டும், வெயில் ஏறினால் பூ தளர்ந்துவிடும். முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் வேறு விலை. ஆடியில் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் அப்படியே கொட்டிவிட்டு வந்த நாளும் உண்டு. நூறு கிராம் மல்லிக்குப் பேரம் பேசும் நாம், இந்த மாலைக்குள் எத்தனை பேருடைய தூக்கம் கோத்திருக்கிறது என்று எண்ணுவதில்லை.

தூக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. கிழங்கின் தூக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பேச்சு முடியாது. வயலில் பாசனம் ஓயாததால் சம்பங்கி வருடம் முழுக்கப் பூத்துக்கொண்டிருக்கிறது, மூன்று வருடம் வரை விடுகிறார்கள். வீட்டுத் தொட்டியில் அப்படி விட்டால் குட்டிகள் ஒன்றையொன்று நெருக்கி, புதர் மண்டி, பூ நின்றுவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோடையில் தண்ணீரை நிறுத்துங்கள். இலை மஞ்சளாகும். பதறாதீர்கள். காயட்டும். நன்றாகக் காய்ந்ததும் தோண்டி, மண்ணை உதறி, குட்டிகளைப் பிரித்து, நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கி அழுகும். மூங்கில் கூடை நல்லது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஒரு மாதமாவது தூங்கட்டும். பிறகு ஊன்றினால், மழை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கும். அதன் நினைவில் இன்னும் மெக்சிகோ மழைதான் பெய்துகொண்டிருக்கிறது.

கைமாற்றிய கிழங்குகள் பின்வரிசை வரை போய்விட்டனவா? திரும்பித் தர வேண்டாம். வாசல் பக்கம் ஒரு சாக்கும் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், பெரியதாகப் பார்த்து. இப்போது வைகாசி. இன்று ராத்திரியே ஊன்றிவிடாதீர்கள், ஆனி கடைசி வரை பொறுத்திருங்கள். ஒரு வேண்டுகோள்: சமையலறையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். போன வருடம் இப்படித்தான் ஒரு கூட்டத்தில் கொடுத்தேன். ஒரு வீட்டில் பாட்டியம்மா அதில் இரண்டை உரித்து, சாம்பாருக்கு அரிந்துவைத்துவிட்டு, இந்த வெங்காயத்துக்கு ஏன் கண்ணே எரியவில்லை என்று மருமகளைக் கேட்டாராம். நல்ல வேளை, அடுப்பில் ஏறுவதற்குள் மருமகள் பார்த்துவிட்டார்.